மலைக்கோயில் சூரிய மின் விரிவாக்கத் திருப்பணி: உறுப்பினர்களுக்கு நிறைவு அறிக்கை

பேரன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பெங்களூரின் கனகபுரா சாலைக்கு அப்பால் மின்கம்பம் எட்டாத பாறைக்குன்றில் இருக்கும் நமது முருகன் கோயிலின் சூரிய மின் விரிவாக்கத் திருப்பணி, ஆடிக் கிருத்திகைக்கு முன்பாகவே நிறைவேறியது. மடைப்பள்ளித் தரை, தண்ணீர்த் தொட்டி, வெள்ளையடிப்பு ஆகியவையும் முடிந்தன. அவற்றைப் பற்றி எவரும் கேள்வி எழுப்பவில்லை. ஆகவே மேலும் எழுத ஒன்றுமில்லை.

கேள்வி எழுந்தது பேட்டரியைப் பற்றித்தான். ரூ. 2,40,000 என மதிப்பிட்ட மின்பணிக்கு ரூ. 2,71,500 செலவாயிற்று. "நல்ல நிலையில் இருந்த பழைய நான்கு பேட்டரிகளோடு புதிய நான்கைச் சேர்த்திருந்தால் இந்த ரூ. 31,500 மிஞ்சியிருக்குமே" என்று அல்சூர்க் கூட்டத்தில் கேட்கப்பட்டது. அதற்கு உரிய விடையைக் குழு எழுத்தில் தரக் கடமைப்பட்டிருக்கிறது.

2017இல் நாம் வைத்தவை 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் வகை ஈய-அமிலப் பேட்டரிகள் நான்கு. ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து வோல்ட்டைக் கூட்டும் தொடரிணைப்பில் 48 வோல்ட். அன்று தேவைப்பட்டது கருவறை விளக்கும் ஒலிபெருக்கியும் மட்டுமே. இன்று அன்னதானக் கூடத்து விசிறிகளும், தொட்டிக்கு நீரேற்றும் அரைக் குதிரைத்திறன் மோட்டாரும் சேர்ந்துள்ளன. போதாக்குறைக்கு, மின்சாரம் அதிகம் வேண்டிய ஆடிக் கிருத்திகை, பெங்களூரில் வானம் மூடிக்கிடக்கும் பருவத்தில்தான் வருகிறது.

முதலில் அமர்த்திய ஒப்பந்தக்காரர், புதிய நான்கையும் பழைய நான்கோடு பக்க இணைப்பில் (பேரலல்) சேர்த்துவிடலாம் என்றார். முழுதாகச் சார்ஜ் ஏற்றி ஓய்வில் விட்ட பழைய பேட்டரிகள் ஒவ்வொன்றும் 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டுவதை மீட்டர் வைத்துக் காண்பித்தார். பார்த்த உறுப்பினர்கள் பலரும் தலையசைத்தனர். ஓய்வு வோல்ட், சார்ஜ் ஏறியிருக்கிறதா என்பதைச் சொல்லுமே தவிர, எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்லாது. ஆகவே லோடு கொடுத்துச் சோதிக்கக் கேட்டோம். 'பத்து மணிநேரம் உட்கார எனக்கு நேரமில்லை' என்று அவர் மறுத்தார்.

குழுவே அச்சோதனையைச் செய்தது. 150 ஆம்பியர்-மணி என்பது பத்து மணிநேரக் கணக்கு: 15 ஆம்பியர் இழுத்தால், பேட்டரி 10.8 வோல்ட்டுக்கு இறங்கப் பத்து மணிநேரம் ஆக வேண்டும். நம் வரிசையில் மூன்றாவது பேட்டரி 5 மணி 20 நிமிடத்தில் அந்த அளவைத் தொட்டது. அதன் கொள்ளளவு பாதிக்குச் சற்றே மேல். அந்நேரத்தில் மற்ற மூன்றும் 11.6 வோல்ட்டில் இருந்ததால் மொத்தம் 45.6 வோல்ட் காட்டியது. இன்வெர்ட்டருக்குத் தெரிவது கூட்டுத்தொகை மட்டுமே, அது 43.2க்கு இறங்கும்வரை நிறுத்தாது. அதற்குள் நலிந்த பேட்டரி அளவுக்கு மீறி வற்றிவிடும். 'அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன?' என்பாருக்கும் விடை இதிலேயே இருக்கிறது: புதியதை அங்கே வைத்தால், மீதி மூன்றில் மிக நலிந்தது அடுத்து இதைப் போலவே முதலில் வற்றத் தொடங்கும்.

பக்க இணைப்பில் வோல்ட் ஒன்றாக இருக்கும், கரண்ட் சமமாகப் பிரியாது. வயதான பேட்டரியின் உள்தடை கூடியிருப்பதால் மோட்டார் ஓடத் தொடங்கும்போது பெரும்பாரம் புதியவற்றின் மேல் விழும். இரவில் பழையவற்றின் கசிவைப் புதியவையே ஈடுகட்டும். பகலில் பழையவை சார்ஜை வாயுவாக்கி வீணடிக்க, மேகமூட்டத்தில் புதியவை முழுதாக நிறையாமல் நிற்கும். குறைசார்ஜில் நெடுநாள் கிடக்கும் தகட்டில் சல்பேட் இறுகிவிடும். இளங்காளையையும் கிழட்டு மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டி உழுதாற்போல, இரண்டுமே கெடும். ஒரே வகையில், வாங்கிச் சில மாதங்களே ஆன பேட்டரிகளானால் சேர்ப்பதைக் குழு மறுத்திருக்காது.

ஒப்பந்தக்காரர் விடவில்லை. பேலன்சர் கருவி ஒன்றைப் பொருத்தினால் சரியாகிவிடும் என்றார். அது தொடரிணைப்பில் உள்ள சிறு வேறுபாட்டைச் சமன் செய்யும். போன கொள்ளளவைத் திருப்பித் தராது. பிறகு முன்பணத்தைத் திருப்பித் தர முடியாதென்றார், மலைக்கு வந்த வண்டிச்செலவைக் கேட்டார், சந்தேகம் பிடித்தவர்கள் என்று நம்மைப் பற்றி வெளியிலும் சொன்னார். கடைசியில் பேனல்களையும் தாங்கிகளையும் அவர் அமைப்பது, பேட்டரிப் பணியை வேறொருவர் செய்வது என்று முடிந்தது. அவர் போட்ட தாங்கிகள் உறுதியாகவே இருக்கின்றன. அதையும் சொல்லிவிட வேண்டும்.

எலக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரியும் நம் இளைஞர்கள், புதிய தொகுதியை லித்தியமாக வாங்கிப் பழையவற்றோடு பக்க இணைப்பில் வைக்கலாம் என்றனர். ஈயப் பேட்டரியின் செல்களைச் சமப்படுத்த அவ்வப்போது கொடுக்கும் 62 வோல்ட் சமன்சார்ஜ், 16 செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் தொகுதி தாங்கும் 58.4 வோல்ட்டைத் தாண்டுகிறது. அதன் காப்புச்சுற்று உடனே துண்டித்துக்கொள்ளும். தனித் தொகுதியாக லித்தியம் வைக்கலாம்தான். கையில் இருந்த பணம் அதற்கு எட்டவில்லை.

ஆகவே புதிய நான்கும் தனித் தொகுதியாக, முதன்மை இன்வெர்ட்டரோடு மோட்டாரையும் அன்னதானக் கூடத்தையும் சுமக்கின்றன. பழைய நான்கும் தமக்கென ஒரு பேனல் வரிசை, ஒரு சிறிய இன்வெர்ட்டர் ஆகியவற்றோடு படிவிளக்குகளை மட்டும் எரிக்கின்றன. பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏறும் சார்ஜை முறைப்படுத்தும் இரண்டாவது சார்ஜ் கன்ட்ரோலர், ஃபியூஸ், கேபிள் ஆகியவற்றுக்கு ரூ. 22,000, சிறிய இன்வெர்ட்டருக்கு ரூ. 9,500. கூடுதல் செலவு இவ்வளவே. கேட்டவர்கள் கூட்டிப் பார்க்கலாம்.

உபயதாரர்கள்: அல்சூர்ப் பூக்கடை அன்பர்கள், சிவாஜிநகர் பழைய இரும்பு வணிகர்கள், மர்பி டவுன் பஜனைக் குழுவினர், இந்திராநகரில் வீட்டுவேலை செய்து மாதந்தோறும் சீட்டுப் பிடித்துத் தந்த தாய்மார்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், பெயர் வேண்டாம் என்று உண்டியலில் உறையிட்ட ஒருவர். விவரமான பெயர்ப்பட்டியல் முன்மண்டபத்தில் ஒட்டப்பட்டுள்ளது. பெயர் விடுபட்டிருந்தால் ரசீதுடன் வாருங்கள்; சத்தம் போட வேண்டாம்.

பழைய பேட்டரிகள் ஓய்ந்ததும் தமக்கே தரும்படி இரும்பு வணிகர் ஒருவர் அன்போடு கேட்டுள்ளார். ஈயமும் கந்தக அமிலமும் அடங்கிய அவற்றை, 2022ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பேட்டரிகளைச் சேகரிக்கும், புதுப்பிக்கும் அல்லது மறுசுழற்சி செய்யும் நிறுவனத்திடமே சேர்க்க வேண்டியிருப்பதால் குழு இசையவில்லை. முதல் ஒப்பந்தக்காரருக்குத் தர வேண்டிய நிலுவையில் முன்பணத்தைக் கழிப்பதா என்பதை அடுத்த பொதுக்குழு முடிவு செய்யட்டும். ரசீதுகளும் சோதனைக் குறிப்பேடும் ஞாயிறு காலையில் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர், திருப்பணிக் குழு