தேங்காய் நிமிர்ந்த இடம்

கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்கு உன் அம்மாவின் ஜாடை என்று எழுதியிருந்த இடத்தை வீட்டில் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். இங்கே பிசான நடவு முடிந்துவிட்டது. எனக்கு முட்டுவலி தவிர வேறு குறை இல்லை.

தம்பி நாங்குநேரிப் பக்கம் தோட்டம் வாங்கியது உனக்குத் தெரியும். போன கோடையில் அங்கே போர் போட்டான். நீரோட்டம் பார்க்க நம்ம ஊர் அண்ணாச்சி ஒருவரைக் கூட்டிப்போனான். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடந்தார். ஓரிடத்தில் அது நிமிர்ந்து நின்றது. 300 அடி வரை தூசிதான் பறந்தது. இன்னும் நூறு அடி போகச் சொன்னார். அதுவும் தூசி. தம்பி பெண்டாட்டியின் சங்கிலி இன்னும் அடகில் இருக்கிறது.

மனசு கேட்காமல் அவரிடம் போய்க் கேட்டேன். "நாப்பது வருசமா பாக்கேன், நான் காட்டின இடத்துல தண்ணி வராமப் போனதே கிடையாது. ரிக்காரன் ஓரடி தள்ளிப் போட்டுட்டான். நரம்பு இழுக்குறது எனக்குல்லா தெரியும்" என்றார். இதற்கு என்ன பதில் சொல்ல? அவர் நரம்புக்குள் நான் புகுந்து பார்க்க முடியாது. அப்படியெல்லாம் இல்லை என்று மறுத்தால் அவரைப் பொய்யர் என்று சொன்னதாகிவிடும். நம் அப்பாக்களோடு பழகிய மனிதர். நானும் குரலை உயர்த்திவிட்டேன். பேச்சு தண்ணீரை விட்டு மரியாதைக்குப் போய்விட்டது. அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். தேங்காய் நிமிர்ந்ததை நானும் பார்த்தேன். ஆனால் விரல் தன்னை அறியாமல் லேசாக அசைந்தாலே அது நிமிர்ந்துவிடும். அப்புறம் அவர் இடம் காட்டிய ஊர்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி. எல்லாம் தாமிரபரணி பாய்கிற ஊர்கள். அங்கே தேங்காய் இல்லாமல் தோண்டினாலும் பெரும்பாலும் தண்ணீர் ஊறும். நாங்குநேரிப் பக்கம் கீழே கெட்டிப் பாறை, அதில் வெடிப்பு அகப்பட்டால்தான் தண்ணீர். வறண்டு போனவர்கள் இவரிடம் திரும்பி வந்து சொல்லவா போகிறார்கள்? வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். அவர் கணக்கில் அந்த போர்கள் ஏறுவதே இல்லை.

1990-ல் ஜெர்மனியில் காசெல் என்ற ஊரில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அரை மீட்டர் ஆழத்தில் பிளாஸ்டிக் குழாயைப் புதைத்து, நினைத்தபோது தண்ணீரைத் திறந்து மூடினார்கள். இப்படி நீரோட்டம் பார்க்கிற 30 பேரிடம், இப்போது தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி. சோதனை சரியானதுதான் என்று அவர்களே முன்னதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னால் எத்தனை சரியாக வருமோ, அவ்வளவுதான் வந்தது. பழைய கதையை யாரும் கிளறவில்லை, யாரையும் பொய்யர் என்று சொல்லவும் இல்லை. நான் செய்திருக்க வேண்டியதும் அதுதான்.

இதில் நானும் யோக்கியன் இல்லை. காலேஜ் நாளில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது கீழாநெல்லியில்தான் சரியானது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், உனக்கே தெரியும். கெட்ட தண்ணீரால் வருகிற காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. என் பேச்சை நம்பி யாராவது ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டார்களோ என்று உறுத்துகிறது.

போன வாரம் அண்ணாச்சி வீட்டுக்குப் போய் குரலை உயர்த்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். இனி எங்கே இடம் காட்டினாலும், ரிக் வண்டி வருவதற்கு முன்பே எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று தாளில் எழுதிக் கொடுங்கள், வந்தாலும் வராவிட்டாலும் நான் குறித்து வைக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. மதினி காபி கொண்டுவந்தார்கள். "எழுதித் தாரேன், அதுக்கென்ன" என்றார்.

ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். களக்காட்டில் உங்கள் வயலில் போட்ட போர்கள் எத்தனை, எத்தனை அடி, யார் இடம் பார்த்தது என்று எழுது. வறண்டதையும் விடாமல் எழுது.

அன்புடன்,
உன் மாப்பிள்ளை