வருகை ஆய்வாளர்கள் தொடர்பான செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, ஊர் மூப்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். பழங்குடியினர் உடல்நல ஆய்வுக்காக வெளியூர் ஆய்வாளர்களைக் கூடலூரில் தங்கவைத்துத் துணைநின்ற பணியைப் பற்றிய இவ்வறிக்கையைச் செயற்குழுவின் சார்பில் பேரவைமுன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளையச் செய்யும் பரம்பரைக் கூறான அரிவாள் செல் கூறு நீலகிரிப் பழங்குடியினரிடம் காணப்படுவதை லேமன், கட்புஷ் என்னும் ஆய்வாளர்கள் 1952ஆம் ஆண்டிலேயே மருத்துவ இதழில் வெளியிட்டனர். இந்தியாவில் இக்கூறு பற்றிய முதற்பதிவுகளுள் ஒன்று நம் மலையைப் பற்றியதாக இருந்தும், பிள்ளையின் மூட்டுவலிக்கும் சோகைக்கும் அடிக்கடி வரும் காய்ச்சலுக்கும் காரணம் என்னவென்று அறியாமலே நம் பணியர், இருளர், குறும்பர் குடும்பங்கள் பல காலம் தவித்தன. ஆய்வு நம்மைப் பற்றியதாக இருந்தால் மட்டும் போதாது, அதன் முடிவு நம் வீட்டு வாசலுக்கும் வந்து சேர வேண்டும் என்பதே செயற்குழுவின் உறுதியான நிலைப்பாடு.

ஆகவே இவ்வாண்டு வந்த ஆய்வாளர்கள் ஊசியை எடுக்கும் முன்பு, நம் சுகாதாரப் பணியாளர்களுடன் ஊர் ஊராகச் சென்று மூப்பர்களையும் தாய்மார்களையும் சந்தித்துப் பேசுமாறு கேட்டுக்கொண்டோம். தாய் தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இக்கூறைப் பெற்றவர் பெரும்பாலும் நோயின்றி வாழ்வார் என்பதையும், பெற்றோர் இருவருமே கூறுடையவர்களாயின் ஒவ்வொரு பேற்றிலும் குழந்தை அரிவாள் செல் நோயுடன் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதையும் நம் பெண் பணியாளர்கள் பணியர் மொழியிலேயே எடுத்துரைத்தனர். இப்பணியில் மிக அருமையானது இதுவே என நான் கருதுகிறேன். இரத்தப் பரிசோதனை முடிவு வெளியே கசிந்தால் ஒரு பெண்ணின் திருமணப் பேச்சே நின்றுபோகக்கூடும் என்று தாய்மார்கள் அஞ்சியதால், உரியவரிடம் மட்டுமே அதைத் தனியாகத் தெரிவிப்பது என முடிவாயிற்று.

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுபாய் என்னும் பழங்குடி மக்கள் நீரிழிவு ஆய்வுக்கென்று நம்பிக் கொடுத்த இரத்தம் அவர்கள் அறியாமலே வேறு ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்பட்டது. அவர்கள் வழக்குத் தொடுத்து, 2010இல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டுடன் எஞ்சிய மாதிரிகளையும் திரும்பப் பெற்றதைச் செயற்குழு விரிவாக விவாதித்தது. அதன் பயனாக, மாதிரி எங்கே இருக்கும், எதற்குப் பயன்படும், ஆய்வு முடிந்தபின் என்னவாகும் என்பவற்றை எழுத்தில் கேட்கும் ஒப்பந்தப் படிவம் ஒன்றைத் தயாரித்துள்ளோம்.

2047க்குள் அரிவாள் செல் நோயை ஒழிக்கும் இலக்குடன் 2023 ஜூலையில் நடுவணரசு தொடங்கிய இயக்கம் 40 வயது வரையுள்ளோரைப் பரிசோதித்து வருவதால், வரும் ஆண்டில் நம் ஊர்களுக்கு ஆய்வாளர்களின் வருகை கூடும் என எதிர்பார்க்கிறோம். இப்படிவத்தில் கையொப்பமிடாத எவருக்கும் தங்குமிடமோ வழித்துணையோ அளிப்பதில்லை என்னும் தீர்மானத்திற்குப் பேரவை ஒப்புதல் அளிக்குமாறு வேண்டுகிறேன்.

செயலாளர்