மாணவர் பக்கத்தில் மங்கோலியா

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் பேத்தியின் திரட்டேட்டுக்காக மங்கோலியாவைப் பற்றித் தேட உட்கார்ந்தோம். இரவுச் சாப்பாட்டு நேரம் வந்தும் எழ மனமில்லை. இங்கே வருடம் முழுக்க மின்விசிறி நிற்பதில்லை. அங்கே தலைநகர் உலான்பாத்தரில் சனவரி இரவுகளில் குளிர் சுழியத்துக்குக் கீழே 30 பாகைக்கும் போகுமாம். கொவ்சுகோல் ஏரியே உறைந்துவிடுகிறது. தெற்கே கோபிப் பாலைவனம்.

அப்புறம் அந்த இசை! மொரின் கூர் என்ற வாத்தியத்துக்கு இரண்டே தந்திகள், இரண்டும் குதிரை முடி. உச்சியில் செதுக்கிய குதிரைத் தலை. ஈன்ற குட்டியை ஒட்டகம் சேர்க்க மறுத்தால், மேய்ப்பர்கள் இதை வாசித்து, தாய் மனம் இளகும் வரை பாடுகிறார்கள். 2015இல் யுனெஸ்கோ இவ்வழக்கத்தைப் பாதுகாக்க வேண்டிய மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒட்டகத்தின் கண்ணில் நீர் வழியும் படத்தைப் பேத்தி பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிறு மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு நாட்டை இப்படி அறிமுகப்படுத்துங்கள். தலைநகரும் நாணயமும் மட்டும் போதாது. பாட்டும் மலையும் ஏரியும் வேண்டும்.

வாசகி,
ஆயர் ஈத்தாம், பினாங்கு