கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு முன்னும் பின்னும்

ஆசிரியருக்கு வணக்கம்.

துறைமுகம், அனல்மின் நிலையம், தேசிய நெடுஞ்சாலை என எந்தப் பெரிய திட்டமானாலும், கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்த மறுநாள் வரும் செய்தி ஏறக்குறைய ஒன்றுதான்: மக்கள் கடும் எதிர்ப்பு, கூச்சல், பாதியில் முடிந்த கூட்டம். சில மாதங்கள் கழித்து அதே திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்துவிட்டது என்று இன்னொரு செய்தி வரும். இடையில் என்ன நடந்தது என்று யாரும் எழுதுவதில்லை. ஆனால் திட்டத்தின் போக்கு முடிவாவது அந்த இடைப்பட்ட மாதங்களிலும், கூட்டத்துக்கு முந்தைய மாதங்களிலும்தான்.

2006 செப்டம்பர் 14 அன்று மத்திய அரசு வெளியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன்படி இந்தக் கூட்டத்தில் வாக்கெடுப்பு கிடையாது. எத்தனை பேர் எதிர்த்தார்கள், எத்தனை பேர் ஆதரித்தார்கள் என்ற எண்ணிக்கை முடிவைக் கட்டுப்படுத்தாது. குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற விதியும் இல்லை. சட்டம் மதிப்பது பதிவை மட்டுமே. கூட்டத்தில் எழுந்த முக்கியமான ஒவ்வொரு ஆட்சேபனைக்கும் திட்டதாரர், அதாவது திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனம் அல்லது துறை, பதில் தர வேண்டும். அதற்கேற்பத் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கையைத் திருத்த வேண்டும். அனுமதிக்குப் பரிந்துரைக்கும் நிபுணர் மதிப்பீட்டுக் குழு அதைப் பரிசீலிக்க வேண்டும். பதிவாகாத எதிர்ப்பு, ஆயிரம் பேர் எழுப்பியதானாலும், கோப்பில் இருக்காது.

முதலில், யாரும் கவனிக்காத கட்டத்தைச் சொல்கிறேன். கூட்டத்துக்குப் பல மாதங்கள் முன்பே திட்டதாரர் படிவம் 1-ஐ நிரப்பி, எவற்றையெல்லாம் ஆய்வு செய்வது என்பதற்கான ஆய்வு வரம்புகளைக் கேட்டு விண்ணப்பிக்கிறார். அருகில் உள்ள நீர்நிலை, காடு, சதுப்பு நிலம், பறவைகள் தங்கும் இடம் எல்லாவற்றையும் அந்தப் படிவத்தில் சொல்லியாக வேண்டும். அங்கே விடுபட்ட ஏரி, பின்னால் வரும் பல நூறு பக்க அறிக்கையிலும் பெரும்பாலும் விடுபட்டுவிடும். விண்ணப்பமும், நிபுணர் குழுவின் நிகழ்ச்சி நிரலும், கூட்டக் குறிப்பும் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் கிடைக்கும். ஆய்வு வரம்பு முடிவாகும் முன்பே, ‘இந்த சர்வே எண்ணில் உள்ள ஏரி படிவத்தில் இல்லை, இதன் வரத்து வாய்க்கால் திட்டப் பகுதிக்குள் வருகிறது’ என்று வருவாய்த் துறை வரைபடத்தோடு குழுவின் உறுப்பினர் செயலருக்கு எழுதலாம். இந்தக் கட்டத்தில் மக்களைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை; எழுதுவதற்குத் தடையும் இல்லை.

படிவத்தில் மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு கோவாவின் மோபா விமான நிலையம் சாட்சி. 2015 அக்டோபரில் அனுமதி பெற்ற அந்தத் திட்டத்தில், சுற்றியுள்ள காடு போன்ற விவரங்கள் படிவம் 1-ல் முறையாகச் சொல்லப்படவில்லை என்று கூறி, 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அனுமதியை நிறுத்திவைத்தது. மறுபரிசீலனை முடிந்து, கூடுதல் நிபந்தனைகளோடு 2020 ஜனவரியில்தான் பணி தொடர முடிந்தது. மக்களைக் கேட்பதால் திட்டங்கள் தாமதமாகின்றன என்பவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும். அங்கே தாமதம் வந்தது தொடக்கத்தில் சொல்லாமல் விட்டதால்.

அடுத்தது அளவெடுக்கும் காலம். பெரும்பாலான திட்டங்களுக்குப் பருவமழை நீங்கலாக ஒரு பருவத்தின் தரவு போதும் என்கிறார்கள். தமிழ்நாட்டில் மார்ச் முதல் மே வரை அளவெடுத்தால் கண்மாய் வறண்டிருக்கும், வாய்க்காலில் நீர் ஓடாது, வலசைப் பறவைகள் போயிருக்கும். அறிக்கை ‘குறிப்பிடத்தக்க நீரோட்டம் இல்லை’ என்று முடித்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் அதே இடத்தில் மறுகால் பாய்ந்து அடுத்த ஏரிக்கு நீர் போகும் என்பதை உள்ளூர்க்காரர்தான் சொல்ல முடியும். அதையும் ஆய்வு வரம்புக் கட்டத்திலேயே சொன்னால், மழைக்காலத் தரவும் வேண்டும் என்று குழு நிபந்தனை போட இடமுண்டு. கூட்டத்தன்று சொன்னால், அறிக்கை ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டிருக்கும்.

காற்று மாசிலும் இதே கதைதான். பிஎம் 10 நுண்துகளுக்கான 24 மணி நேர தேசிய வரம்பு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். தற்போதைய அளவு 60 என்று அறிக்கை காட்டினால், புதிய ஆலை மேலும் 35 சேர்த்தாலும் வரம்புக்குள் நிற்கும். தற்போதைய அளவு உண்மையில் 80 என்றால் நிற்காது. ஆகவே கருவிகளை எங்கே வைத்தார்கள், ஏற்கெனவே இயங்கும் ஆலைகளின் புகை வந்து சேரும் பக்கத்தில் ஒன்றாவது இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. அறிக்கையைத் தயாரிக்கும் ஆலோசனை நிறுவனத்துக்குக் கூலி கொடுப்பவர் திட்டதாரர் என்பதால், இந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்கப் போவதில்லை.

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தேசிய நாளிதழ் ஒன்றிலும் மாநில மொழி நாளிதழ் ஒன்றிலும் விளம்பரம் வர வேண்டும். வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகிய இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டும். அந்தச் சுருக்கமும் ஏ4 தாளில் அதிகபட்சம் 10 பக்கம் என்று அறிவிக்கையே சொல்கிறது. பல நூறு பக்கங்களில் உள்ள நீரியல், காற்று, மண், கடலோர ஆய்வுகள் ஆங்கிலத்தில் கிடக்க, 10 பக்கத்தைப் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள் என்பது நியாயமே இல்லை. தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை 2020 வந்தபோது, அதை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் அனைத்திலும் மொழிபெயர்க்க டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடு முழுமைக்குமான ஒரு வரைவுக்குப் பொருந்தும் நியாயம், ஒரு கிராமத்தின் நிலத்தையும் நீரையும் பற்றிய அறிக்கைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும். முழு அறிக்கையும் தமிழில் வைக்கப்பட்ட பிறகே 30 நாள் கணக்கு தொடங்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு, திட்ட மதிப்போடு பார்த்தால் ஒன்றுமே இல்லை.

கூட்டத்தன்று ‘திட்டம் வேண்டாம்’ என்பதோடு நிறுத்தாமல், ஒரு பிரச்சினைக்கு ஒரு தாள் என்று எழுதிக் கொடுங்கள். அறிக்கையின் பக்க எண், அதில் உள்ள வாசகம், களத்தில் உள்ள நிலை, சர்வே எண், கேட்கும் பரிகாரம் என்ற வரிசை போதும். ‘பக்கம் இத்தனையில் நிலத்தடி நீர் 12 மீட்டர் ஆழம் என்கிறது; இந்த சர்வே எண்ணில் உள்ள கிணற்றில் 4 மீட்டரில் நீர் நிற்கிறது; மீண்டும் அளக்க வேண்டும்’ என்று எழுதினால் திட்டதாரர் பதில் சொல்லியே தீர வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் வாரிய அலுவலரின் கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். திட்டத்தில் நியாயமான அக்கறை உள்ளவர் வேறு ஊரில் இருந்தாலும் எழுத்துப்பூர்வமாகக் கருத்து அனுப்பலாம். இது பலருக்குத் தெரியாத உரிமை. ஓய்வுபெற்ற பொறியாளர்கள், பேராசிரியர்கள், மீன்வள அறிஞர்கள் உதவக்கூடிய இடமும் இதுவே.

எல்லாவற்றையும்விட முக்கியம் கூட்டத்தின் கடைசி அரை மணி நேரம். எழுந்த பிரச்சினைகளின் தொகுப்பை உள்ளூர் மொழியில் வாசித்து விளக்கி, அதே நாளில் ஆட்சியரோ அவர் பிரதிநிதியோ கையெழுத்திட வேண்டும் என்பது விதி. பிரதிநிதி என்றால் கூடுதல் மாவட்ட ஆட்சியர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். கூட்டம் கலைந்து போனபின் யாருமில்லாத பந்தலில் வாசிக்கப்படும் குறிப்பில் என்ன விடுபட்டது என்று யார் சொல்வது? இருபது பேராவது இருந்து கேட்டு, விடுபட்டதை அங்கேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். வீடியோ பதிவு கட்டாயம் என்பதால், சேர்க்க மறுத்தால் அந்த மறுப்பும் பதிவாகும். கூட்டத்தையே நடத்தவிடாமல் செய்வதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மக்கள் சுதந்திரமாகக் கருத்துச் சொல்லும் சூழல் இல்லை என்று அறிக்கை போனால், கூட்டம் இல்லாமலேயே நடைமுறையைத் தொடர அறிவிக்கை இடம் தருகிறது.

இறுதி அறிக்கை வந்ததும் வரைவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பதெல்லாம் பதில் ஆகாது. எவ்வளவு தொகை, எத்தனை மாதம், யார் பொறுப்பு என்று இருக்க வேண்டும். ஆட்சேபனைகளைக் குழு பரிசீலித்ததற்கும், ஏற்றதற்கோ நிராகரித்ததற்கோ காரணம் கூறியதற்கும் அதன் குறிப்பில் அடையாளம் இருக்க வேண்டும் என்று 2009-ல் கோவா சுரங்க வழக்கொன்றில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீட்டில் கைகொடுப்பது இந்த வாதம்தான்.

நிலமெடுப்பு இதிலிருந்து தனி வழி. இதைக் குழப்பிக்கொண்டு ஏமாந்தவர்கள் அதிகம். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் கொடுத்த மனு நிலமெடுப்புக்கு ஆட்சேபனையாகக் கருதப்படாது. தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் 1956-ன் 3ஏ பிரிவில் நிலத்தை எடுக்கும் நோக்கத்தைச் சொல்லும் அறிவிப்பு வந்தால், 21 நாளுக்குள் நிலமெடுப்புக்கான தகுதிவாய்ந்த அதிகாரியிடம் தனியாக எழுதித் தர வேண்டும். ரயில்வே சட்டத்தில் அது 30 நாள். அடுத்த கட்டமாக, நிலம் எடுக்கப்படுவதை உறுதிசெய்யும் 3டி அறிவிப்பு வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுக்கு உரியதாகிவிடும். பிறகு பேச மிஞ்சுவது இழப்பீடு மட்டும். 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வராவிட்டால் முதல் அறிவிப்பு காலாவதி. சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை வழக்கில் 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், 3ஏ அறிவிப்புக்கு முன் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை, பணி தொடங்கும் முன் இருந்தால் போதும் என்றது. அதாவது சுற்றுச்சூழல் கேள்விக்கு விடை கிடைக்கும் முன்பே நிலத்தின் கதை முடிந்துவிடலாம். சட்டம் திருத்தப்பட வேண்டிய இடம் இது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு கவலை, கூட்டமே தேவையில்லாத திட்டங்களின் பட்டியல் நீள்வது. ரயில் பாதைகள் அறிவிக்கையின் அட்டவணையிலேயே இல்லை. தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்துக்கு, 2013 திருத்தத்துக்குப் பின், நீளம் 100 கி.மீ.க்கு மேலும் கூடுதல் நில அகலம் 40 மீட்டருக்கு மேலும் (புறவழி, மாற்றுப்பாதை என்றால் 60 மீட்டருக்கு மேலும்) போனால்தான் முன் அனுமதி வேண்டும். உத்தராகண்டில் சுமார் 900 கி.மீ. சார் தாம் (நான்கு புனிதத் தலங்களை இணைக்கும்) சாலைத் திட்டம், ஒவ்வொன்றும் 100 கி.மீ.க்குள் அடங்கும்படி 53 துண்டுகளாகச் செய்யப்பட்டது இந்த வரம்பின் பின்னணியில்தான். 2020 ஜனவரியில் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகள் கருத்துக்கேட்பு தேவைப்படாத பி2 வகைக்கு மாற்றப்பட்டு, காவிரி டெல்டா மக்களின் கருத்துக் கேட்கும் கட்டாயம் போனது. தேனி பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகத்தை 2018-ல் கட்டுமானத் திட்டம் என்ற பிரிவில் வைத்துப் பரிசீலித்ததால் அங்கும் கூட்டம் இல்லை. 2025 செப்டம்பரில் அணுக் கனிமங்கள், முக்கியக் கனிமங்களின் சுரங்கங்களுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் பகுதியில் 1,144 ஹெக்டேரில் அணுக் கனிமங்கள் கலந்த கடற்கரை மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்நோக்கியிருப்பவர்களுக்கு இதன் பொருள் நன்றாகப் புரியும்.

அனுமதி வழங்கப்பட்டால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள். அதற்குமேல் ஒரு நாள்கூடத் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை. இழப்பீடு கோராத மேல்முறையீட்டுக்கு கட்டணம் 1,000 ரூபாய். அனுமதி கிடைத்த தகவலை நிபந்தனைகளோடு இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரப்படுத்துவதும், ஊராட்சிகளுக்குப் பிரதி அனுப்புவதும் திட்டதாரரின் கடமை. ஊராட்சி அதை 30 நாள் பார்வைக்கு வைக்க வேண்டும். நிபந்தனைகள் நிறைவேறும் விதம் பற்றி ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 தேதிகளில் அறிக்கை வர வேண்டும். அதையும் கேட்டுப் பெறலாம்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்ட அறிவிப்புகள் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் விளம்பரமாக வருகின்றன. அதே நாளில் மாவட்டச் செய்திப் பகுதியில் நான்கு வரி சேர்த்து வெளியிட முடியுமா? எந்தெந்த வருவாய் கிராமங்கள், அறிக்கை எங்கே பார்வைக்கு உள்ளது, எழுத்துப்பூர்வக் கருத்தை யாருக்கு எந்தத் தேதிக்குள் அனுப்புவது, பரிவேஷில் விண்ணப்ப எண் என்ன. அனுமதி விளம்பரம் வரும்போதும் அப்படியே, மேல்முறையீட்டுக்குரிய 30-வது நாள் எந்தத் தேதி என்பதைக் குறிப்பிட்டு.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்