43ஆம் நம்பர் சப்பாத்து

ஒஸ்லோ
ஜனவரி 17

அன்புள்ள அம்மாவுக்கு,

மைலோ டின் வந்து சேர்ந்தது. நெத்திலிக் கருவாடு தூளாகவில்லை. சம்பல் பாட்டிலை மூன்று பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டியது பெரியம்மாவின் வேலையாகத்தான் இருக்கும், முடிச்சை அவிழ்க்கவே கால் மணி நேரம் ஆனது. அடியில் பாப்பாவின் கடிதம். தீபாவளிக்குப் பிறகு அண்ணன் ஒரு வரிகூட எழுதவில்லை என்று சாப்பிட உட்கார்ந்தால் சொல்கிறீர்களாம். சாப்பிடும்போது அதை நினைக்காதீர்கள் அம்மா. இங்கே வேலை அதிகம், அவ்வளவுதான்.

நன்றாக இருக்கிறேன். இளைக்கவில்லை. யாழ்ப்பாணத்து அண்ணன் கடையில் கறிவேப்பிலை கிடைக்கிறது. ஒரு கொத்து என்ன விலை என்று சொன்னால் நம் கொல்லைச் செடிக்கு நீங்கள் பூட்டுப் போடுவீர்கள்.

மேல்மாடிக் கிழவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அப்படியேதான் இருக்கிறார். 71 வயது. மைனஸ் 12இல் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறார். மூன்று வேளையும் ரொட்டியின் மேல் பழுப்பு சீஸ். பார்க்கத் திரட்டுப்பால் மாதிரி, தின்றால் இனிப்பும் உப்புமாக இருக்கும். போன வாரம் உங்கள் சம்பலைக் கொஞ்சம் கிண்ணத்தில் கொடுத்தேன். வாயில் வைத்தார், ஒன்றும் சொல்லவில்லை, நாலு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார், இன்னும் கொஞ்சம் வேண்டுமாம்.

அவரோடுதான் பிப்ரவரி இரண்டாம் வாரம் ஓர் இடத்துக்குப் போகிறேன். பதறாமல் கேளுங்கள். உறைந்த நீர்வீழ்ச்சியில் ஏறப் போகிறோம்.

நமக்கு ஐஸ் என்றால் கிண்ணத்தில் சீவிப் போட்டுத் தரும் ஐஸ் கச்சாங். இங்கே அருவி அப்படியே நின்று போய்விடுகிறது, ஆறேழு மாடி உயரத்துக்குத் தூண் தூணாக. அதில் இரண்டு கையிலும் கோடரி, சப்பாத்துக்கு அடியில் இரும்புப் பல், இடுப்பில் பட்டி, பட்டியில் கயிறு. முதல் நாள் கயிறு மேலே மரத்தில் கட்டியிருக்கும், கை வழுக்கினாலும் தொங்குவேன், விழ மாட்டேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டும்போது தோள் அசையாது, மணிக்கட்டுதான் வேலை செய்யும் இல்லையா? கோடரி போடுவதும் அப்படித்தான். ஓங்கி அடித்தால் கை களைத்துவிடும். கீழ்த்தளத்தில் ஒரு மரக்கட்டையை வைத்துக் கிழவர் எனக்குப் பழக்குகிறார். "அடிக்காதே, போடு" என்பார்.

பாப்பா, இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படிக்காதே. இரண்டாம் நாள் அவர் முன்னால் ஏறுவார், கீழே கயிறு பிடிப்பது நான். போகப் போக ஐஸில் ஒரு குழாய்த் திருகாணியைத் திருகி அதில் கயிற்றை மாட்டுவார். திருகும்போது உள்ளிருந்து ஐஸ், முறுக்கு அச்சில் மாவு வருகிற மாதிரி நீளமாக வரும். மைனஸ் 5, 10 என்றால் நல்ல ஐஸ். மைனஸ் 20க்குப் போனால் கோடரி பட்டதும் தட்டுத் தட்டாக உடைந்து கீழே நிற்பவன் தலையில் விழும், அதனால் நேர் கீழே நிற்கக் கூடாது. கையை உயர்த்தியே ஏறுவதால் விரல் மரத்துப்போகும். திரும்ப ரத்தம் ஓடும்போது வலி தாங்காமல் பெரிய ஆட்களே வாந்தி எடுப்பார்களாம். சரி, இனிமேல் படி.

ஊர் பேர் ரியூகான். இங்கிருந்து காடியில் மூன்று மணி நேரம். அம்மா, அது நம்ம தோட்டம் மாதிரியே ஓர் ஊர். சுமார் நூறு வருஷத்துக்கு முன்பு நோர்ஸ்க் ஹைட்ரோ என்ற கம்பெனி அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுத்து, அந்த மின்சாரத்தில் உரம் செய்யக் கட்டிய ஊர். வேலைக்காரர்களுக்கு வீடும் கம்பெனிதான் கட்டிக் கொடுத்தது. பெரிய அதிகாரிகளின் வீடு மேட்டில், தொழிலாளி வீடு பள்ளத்தில் என்று கிழவர் சொன்னபோது சிரித்துவிட்டேன். நமக்குத் தெரியாத கதையா! அந்தக் கம்பெனியின் உர வியாபாரம் 2004இல் பிரிந்து யாரா என்று தனிக் கம்பெனியானது. உர மூட்டையில் கப்பல் படம் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

பள்ளத்து ஊர் என்பதால் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வெயிலே விழாது. மேலே போய்ச் சூரியனைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று 1928இல் கம்பெனி ஜனங்களுக்கு ஒரு கம்பி ரயில் போட்டுக் கொடுத்தது, தொட்டி மாதிரி தொங்கிக்கொண்டு போகும். 2013இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடி வைத்தார்கள். அது வெயிலைத் திருப்பிச் சந்தைத் திடலில் விழ வைக்கிறது. அந்த வெளிச்சத்தில் ஜனங்கள் நாற்காலி போட்டு உட்காருவார்களாம். நம் வாசலில் நீங்கள் மிளகாய் காயப்போடும் வெயிலை இங்கே கண்ணாடி வைத்துப் பிடிக்கிறார்கள்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். காடி, தங்குவது எல்லாம் கிழவர் பொறுப்பு. சப்பாத்துகூட வாங்கவில்லை, அவர் மகனுடைய பழையது, 43ஆம் நம்பர். மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான், ஆறு வருஷமாக வரவில்லை. நேற்று ராத்திரி சமையலறையில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. அவர் முட்டி போட்டு உட்கார்ந்து லேஸை இழுத்துக் கட்டிவிட்டார், விரல் நுழைகிறதா என்று கணுக்காலில் விட்டுப் பார்த்தார். ஞாயிறு சாயந்திரம் அப்பா என் பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு வெள்ளை பூசி வாசல் படியில் காய வைப்பாரே. அந்த ஈர வாசனை வந்தது அம்மா, இங்கே, மூன்றாம் மாடியில். அதற்கு மேல் தூக்கம் வரவில்லை. நம் மலேசியா மணியில் பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து எல்லாரும் பசியாறுகிற நேரம் வரை விழித்துக் கிடந்தேன்.

அது போகட்டும். தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் பால்குடம் எடுப்பதாக இருந்தால் செருப்பில்லாமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்காதீர்கள், சின்ன மாமா காடியில் கொண்டுபோய் விடட்டும். கண் ஆபரேஷன் தேதியைத் தள்ளிப் போடக் கூடாது. இந்த மாதம் 250 வெள்ளிதான் அனுப்பியிருக்கிறேன், பனிக்காலத்தில் ஹோட்டலில் ஆள் குறைவு, எல்லாருக்கும் கொஞ்சம் ஓய்வு கொடுத்திருக்கிறார்கள். மார்ச்சில் சேர்த்து அனுப்புகிறேன். கடைக்காரரிடம் அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள்.

லயத்து வீட்டைக் காலி செய்யச் சொல்லி வந்த கடிதத்தில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி வீட்டுக்கு வந்து நல்லபடியாகப் பேசினாலும் போட வேண்டாம். அப்பா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உள்ள சம்பளச் சீட்டெல்லாம் தகரப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. பாப்பா ஒவ்வொன்றாகப் படம் எடுத்து எனக்கு அனுப்பட்டும், ஒரு நகல் சங்கத்தில் கொடுக்கட்டும். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

அப்புறம், கறிவேப்பிலைச் செடியை வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் வைத்தால் பிழைக்குமா என்று பெரியம்மாவிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்