ஒரே தண்ணீர் லாரி எத்தனை மருத்துவமனைகளுக்கு வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளம், நிலநடுக்கம், தொற்றுநோய் போன்ற நெருக்கடிகளுக்கு மருத்துவமனைகள் எந்த அளவுக்குத் தயாராக இருக்கின்றன என்று தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை படுக்கை, எத்தனை வெண்டிலேட்டர், எத்தனை நாளுக்கு ஆக்சிஜன் என்று விவரமாகவே எழுதியிருந்தார்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் இரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் பிரிவில் பல வருடங்களாகச் செவிலியராக இருப்பவள் நான். அந்தக் கட்டுரையில் விடுபட்டுப்போன ஒன்றைச் சொல்லவே இந்தக் கடிதம். ஒவ்வொரு மருத்துவமனையின் திட்டத்தையும் தனியாக எடுத்துப் படித்தால் குறையே தெரியாது. நாலைந்து மருத்துவமனைகளின் திட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், எல்லாமே ஒரே வண்டியையும் ஒரே ஆட்களையும் நம்பி எழுதப்பட்டவை என்பது தெரியும்.

எங்கள் வட்டாரத்து மருத்துவமனைகள், ஆம்புலன்ஸ் நடத்துபவர்கள், சுகாதாரத் துறையினர் எல்லோரும் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்தோம். குழாய்த் தண்ணீர் நின்றுபோனால் என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். டேங்கர் லாரிக்கு ஒப்பந்தம் இருக்கிறது என்று எல்லோருமே சொன்னோம். யாரிடம் என்று கேட்டபோது எல்லார் வாயிலும் ஒரே ஒப்பந்ததாரர் பெயர்தான் வந்தது. அங்கிருந்தே அவருக்குப் போன் போட்டோம். "நீங்க எல்லாரும் ஒரே நாள்ல கேப்பீங்கன்னு யாரும் எங்கிட்ட சொல்லலையே" என்றார் அவர். அவர் மீது தப்பே இல்லை. தனித்தனியாக வந்து கையெழுத்து வாங்கிப் போனவர்கள் நாங்கள்தான்.

தண்ணீருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று சிலர் நினைக்கலாம். இரத்தத்திலுள்ள கழிவை இழுத்துக்கொள்ள, சுத்திகரித்த நீரில் தயாரித்த கரைசல் டயாலிசிஸ் இயந்திரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 மில்லி ஓடுகிறது. ஒரு முறை டயாலிசிஸ் நடக்கும் நான்கு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் ஒரு நோயாளிக்கு 120 லிட்டர். பத்து இயந்திரங்கள் மூன்று ஷிப்டு ஓடும் ஒரு பிரிவுக்கு ஒரு நாளில் 3,600 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பிளான்ட்டில் கழிவாகப் போவதையும் சேர்த்தால் உள்ளே வர வேண்டிய தண்ணீர் இன்னும் அதிகம். குடிநீர் பாட்டில்களை அடுக்கி வைத்துச் சமாளிக்கிற விஷயமில்லை இது.

தண்ணீர் ஒரு உதாரணம்தான். ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவருபவர் எல்லோருக்கும் ஒருவரே. நோயாளிகளை வேறிடம் மாற்றக் கூப்பிட வேண்டிய ஆம்புலன்ஸ் நிறுவனமும் அப்படியே. காலையில் ஒரு மருத்துவமனையிலும் மாலையில் இன்னொன்றிலும் வேலை பார்க்கும் செவிலியர்கள் இருக்கிறோம். இரண்டு மருத்துவமனைகளின் அவசரகாலப் பட்டியலிலும் எங்கள் பெயர் உண்டு. ஒரே இரவில் இரண்டு இடத்திலும் ஒருத்தி எப்படி நிற்பாள்?

எங்கள் நோயாளிகள் பெரும்பாலும் வாரம் மூன்று முறை வருபவர்கள். ஒரு முறை தவறினாலே உடம்பில் நீர் சேர்ந்து மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். அதைவிடப் பயம் பொட்டாசியம். அது ஏறினால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம். ஒரு சிறிய டயாலிசிஸ் மையம் மூடிக்கிடந்தால் அங்கே வருகிறவர்கள் எல்லோரும் அருகிலுள்ள பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத்தான் போவார்கள். அங்கே ஏற்கெனவே காயம்பட்டவர்கள் வரிசையில் படுத்திருப்பார்கள். அது போதாதென்று, சில பேரிடர்கள் டயாலிசிஸ் தேவைப்படும் புதிய நோயாளிகளையும் உண்டாக்குகின்றன. இடிபாடுகளில் சிக்கித் தசைகள் நசுங்கியவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழக்கலாம். 1999இல் துருக்கியின் மர்மரா நிலநடுக்கத்தில் 639 பேருக்கு இப்படிச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டது. அவர்களில் 477 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. 2020இல் கொரோனா உச்சத்தில் இருந்தபோது நியூயார்க் மருத்துவமனைகளில் வெண்டிலேட்டரோடு சேர்த்து டயாலிசிஸ் இயந்திரம், கரைசல், செவிலியர் எல்லாவற்றுக்குமே தட்டுப்பாடு.

சேர்ந்து திட்டமிட்டால் என்ன நடக்கும் என்பதையும் அதே நியூயார்க் காட்டியிருக்கிறது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் வருவதற்கு முன்பே, அந்த நகரத்திலும் நியூஜெர்சியிலும் பல மையங்கள் நோயாளிகளை முறை நாளுக்கு முன்னதாகவே வரவழைத்து டயாலிசிஸ் செய்து அனுப்பின. அப்படிச் செய்துகொண்டவர்களில் புயலுக்குப் பின் அவசரப் பிரிவுக்கு ஓடியவர்களும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் குறைவு, அடுத்த 30 நாட்களில் இறந்தவர்களும் குறைவு என்று பின்னால் நடந்த ஆய்வு சொல்கிறது. ஒரு நாள் முன்னதாகச் செய்வது என்றால் கேட்க எளிதாக இருக்கும். அதற்கு வானிலை எச்சரிக்கை நேரத்தில் வந்து சேர வேண்டும், கூடுதல் ஷிப்டுக்கு ஆள் வேண்டும், நோயாளிகளை அழைத்துவர வண்டி வேண்டும், தண்ணீர் வேண்டும். இத்தனையையும் ஒரு மையம் தனியாகச் செய்ய முடியாது. அதே புயலில் நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் 13ஆம் மாடியில் பத்திரமாக இருந்தன. எரிபொருளை மேலே அனுப்பும் பம்புகள் மட்டும் அடித்தளத்தில் இருந்து வெள்ளத்தில் மூழ்கிவிட்டன. ஊழியர்கள் படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றி எரிபொருளை மேலே ஏற்றினார்கள். கடைசியில் நோயாளிகளை வேறு மருத்துவமனைகளுக்குத்தான் மாற்ற வேண்டியிருந்தது. எவ்வளவு பெரிய மருத்துவமனைக்கும் இன்னொரு மருத்துவமனையின் கதவு திறந்திருக்க வேண்டிய நாள் வரும்.

கதவைத் திறப்பதில் உள்ள சங்கடத்தையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தனியார் மருத்துவமனைகள் ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன. படுக்கை காலி என்று சொன்னால் கூட்டம் வரவில்லை என்று நினைப்பார்கள், நிரம்பிவிட்டது என்று சொன்னால் கையாலாகவில்லை என்பார்கள். அதனால் உண்மையான எண்ணை யாரும் யாருக்கும் சொல்வதில்லை. ஒரு மருத்துவமனைச் செவிலியர் இன்னொன்றில் போய் வேலை பார்த்தால் பொறுப்பு யாருடையது, வந்து சேரும் நோயாளியின் செலவை யார் ஏற்பது என்பவையும் பேசப்படாமலே கிடக்கின்றன. இதையெல்லாம் அமைதியான நாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்தால்தான் உண்டு. நடு இரவில் இரண்டு நிர்வாகிகள் போனில் பேசித் தீர்க்கிற விஷயமல்ல. இங்கே சுகாதாரத் துறை நடுவில் உட்கார வேண்டும். அமெரிக்காவில் மருத்துவமனைகள், ஆம்புலன்ஸ் சேவை, பொதுச் சுகாதாரத் துறை, பேரிடர் மேலாண்மைத் துறை ஆகிய நான்கும் வட்டார வாரியாகக் கூட்டணியாக இயங்குவதற்கு மத்திய அரசே நிதி கொடுக்கிறது. நிதி இல்லாத இடத்தில்கூட, யாரிடம் எது இருக்கிறது, அதை வேறு யார் நம்பியிருக்கிறார்கள் என்று பொதுவாக ஒரு பட்டியல் போடப் பெரிய செலவாகாது.

அந்த மேசைக்குப் பெரிய மருத்துவமனைகளை மட்டும் அழைப்பது வழக்கமாகிவிட்டது. தனியாக நடக்கும் டயாலிசிஸ் மையம், முதியோர் இல்லம், வீட்டில் ஆக்சிஜன் வைத்திருப்பவர்களுக்குச் சிலிண்டர் கொடுப்பவர் இவர்களையும் அழைக்க வேண்டும். மின்சாரம் போனதும் முதலில் தவிக்கப் போவது இவர்களை நம்பியிருப்பவர்கள்தான். அப்புறம், ஒத்திகைகளை எல்லோரும் பணியில் இருக்கும் வேலைநாள் காலையில் வைப்பதையும் விட்டுவிடலாம். விடுமுறை நாள் இரவில், முன்கூட்டிச் சொல்லாமல் ஒருமுறை நடத்திப் பார்த்தால், தொடர்பு எண்களில் எத்தனை இன்னும் வேலை செய்கின்றன என்று தெரிந்துவிடும்.

தங்கள் வாசகர்களில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களும் இருப்பார்கள். அவர்கள் அடுத்த முறை போகும்போது சிஸ்டரிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். இந்த இடம் மூடியிருந்தால் எங்கே போக வேண்டும், அங்கே உள்ளவர்களுக்கு அது தெரியுமா என்பது முதலாவது. அடுத்தது எடை, டயாலிசர் (இரத்தத்தை வடிகட்டும் வடிகட்டி) வகை, மருந்து அளவு எல்லாம் எழுதிய சிகிச்சைக் குறிப்பின் நகல். மூன்றாவது, டயாலிசிஸ் கிடைக்காத நாட்களைச் சமாளிக்க நீரையும் பொட்டாசியத்தையும் குறைத்து எழுதிய மூன்று நாள் உணவுத் தாள். முதல் கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால் மேலாளரிடமும் கேளுங்கள். நோயாளிகள் கேட்டால் நிர்வாகம் அசையும். நாங்கள் கேட்பதைவிடச் சீக்கிரமாகவே அசையும்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர் ஒருவர்