மண் சுமந்த குன்று

ஐசனாக், ஜெர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். வயலை விற்பது பற்றி நீங்கள் எழுதிய கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. உடனே பதில் போடாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். வேலை அதிகம், வேறொன்றும் இல்லை. சாப்பாட்டுக்குக் குறைவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். உருளைக்கிழங்கைத் துருவிப் பிழிந்து, உருண்டை பிடித்து வேகவைக்கிறார்கள். பார்க்க நம் கொழுக்கட்டை மாதிரியே இருக்கும்.

போன ஞாயிறு கீழ்வீட்டுப் பாட்டி என்னை வார்ட்புர்க் கோட்டைக்கு அழைத்துப் போனார். ஊரை ஒட்டிய குன்றின் உச்சியில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகள் கழுதைமேல் ஏறிப் போகிறார்கள். பாட்டி எனக்கு முன்னால் நடந்தே ஏறிவிட்டார்.

1067-இல் லூத்விக் என்ற பிரபு கட்டியதாம். குன்று அவருடையதில்லை. தன் நிலத்து மண்ணைச் சுமந்து வந்து உச்சியில் கொட்டினாராம். பன்னிரண்டு வீரர்கள் அதில் வாளை ஊன்றி, 'இது எங்கள் பிரபுவின் மண்' என்று சத்தியம் செய்தார்களாம். பாட்டி சொன்ன கதைதான், ஆனால் எனக்கு மனசை விட்டுப் போகவில்லை.

உள்ளே 12-ஆம் நூற்றாண்டு அரண்மனை, வரிசையாக வளைவுச் சன்னல்கள். அதையெல்லாம்விட, பலகைச் சுவர் வைத்த ஒரு சின்ன அறையில்தான் அதிக நேரம் நின்றேன். போப்பை எதிர்த்து நின்ற மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதர் 1521 மே முதல் அடுத்த மார்ச் வரை, தாடி வளர்த்து, வேறு பெயரில் இங்கே ஒளிந்திருந்தார். பதினோரு வாரத்தில் பைபிளின் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்திலிருந்து ஜெர்மனுக்குக் கொண்டுவந்துவிட்டார். அவர் வழிச் சபையிலிருந்துதானே 1706-இல் சீகன்பால்கு ஐயர் நம் தரங்கம்பாடிக்கு வந்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார்! சின்ன வயதில் என்னைச் சைக்கிளில் வைத்து அவர் கட்டிய கோவிலைக் காட்டினீர்களே, அப்பா. அந்தக் கடற்காற்று ஞாபகம் வந்து அங்கேயே அழுதுவிட்டேன். பாட்டி ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் நின்றார்.

சரி, வயல் விஷயம். சித்தப்பா அவசரப்படுத்துகிறார் என்பதற்காக மேலக்கொல்லையை விற்க வேண்டாம். பட்டா இன்னும் தாத்தா பெயரில்தானே இருக்கிறது? முதலில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு நான் அனுப்புகிறேன். இந்த மாதப் பணம் மட்டும் பத்து நாள் தள்ளி வரும், கவலைப்படாதீர்கள். அத்தையிடம் வாங்கிய கைமாற்றையும் அதிலேயே கொடுத்துவிடலாம். பட்டா நகல் ஒன்று எனக்கும் அனுப்புங்கள்.

உங்கள் அன்பு மகன்